தமிழ் வகுப்பும் ஆசிரியர் பணியிடமும்: பெங்களூர்த் தமிழர் அறிய வேண்டிய கணக்கு

பெங்களூரில் நம்மவர்கள் நாலு பேர் கூடித் தமிழ்வழி அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே ஒரே இடத்தில் வந்து நிற்கும். "வாத்தியாரைத் தூக்கிட்டாங்க, ஹெச்.எம்.மை மாத்திட்டாங்க, அடுத்த வருஷம் மூடிடுவாங்க" என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் தூக்கியது யார், எந்த விதிப்படி மாற்றினார்கள், அதற்கு முன்னால் நாம் என்ன எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கோபம் இருக்கிற அளவுக்கு விவரம் இல்லை. அந்த விவரத்தை என்னால் இயன்றவரை இம்மலரில் எழுதுகிறேன்.

அடியேன் பட்டம் பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பழைய பதினோராம் வகுப்பு முடித்த கையோடு பெங்களூர் தண்டுப் பகுதிக்கு வந்து, உறவினர் ஒருவரின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன். கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் கல்வெட்டுத் தொகுதிகள் படிப்பது ஒரு பழக்கம். அரசாணைகள் படிப்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பழக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. இரண்டும் யார் எதற்குப் பொறுப்பு என்பதைச் சொல்பவை. இரண்டிலும் வாக்கியம் முடியவே முடியாது.

முதலில் அலுவலகங்களைப் பார்ப்போம். வருவாய் மாவட்டம் வேறு, கல்வி மாவட்டம் வேறு. பெங்களூர் நகர மாவட்டத்துக்கு டி.சி. ஒருவர்தான். ஆனால் பள்ளிக் கல்வித் துறைக்கு அது வடக்கு, தெற்கு என்று இரண்டு மாவட்டம். இதேபோல் பெலகாவி மாவட்டத்துக்குள் சிக்கோடியும், உத்தர கன்னடத்துக்குள் சிர்சியும், துமகூருக்குள் மதுகிரியும் தனித்தனிக் கல்வி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவர் டி.டி.பி.ஐ. எனப்படும் துணை இயக்குநர். அவருக்குக் கீழே வட்டாரந்தோறும் பி.இ.ஓ. அவருக்குக் கீழே சில பள்ளிகளைச் சேர்த்து ஒரு கிளஸ்டர். அதைச் சுற்றி வந்து பார்ப்பவர் சி.ஆர்.பி. இவர் அதிகாரி அல்லர், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அந்த வேலைக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர். நம்மவர்கள் பள்ளிக்கு வரும் சி.ஆர்.பி.யைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் கையில் ஒன்றுமில்லை.

அடுத்தது, யாரை யார் மாற்றுவது? கர்நாடகத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் மாவட்ட அளவிலான பணித்தொகுதியைச் சேர்ந்தவர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பெங்களூர், மைசூர், பெலகாவி, கலபுரகி என்னும் நான்கு கோட்ட அளவினர். ஆசிரியர் இடமாற்றத்துக்கென்றே 2007இல் ஒரு சட்டம் வந்தது. 2020இல் அதற்குப் பதில் வேறொரு சட்டம் வந்தது. இவற்றின்படி மாற்றம் நடப்பது கவுன்சிலிங் முறையில். பணிமூப்பும் காலியிடப் பட்டியலும் வைத்து ஆசிரியர்களே இடம் தேர்வு செய்கிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளையின் டீச்சர் திடீரென்று போய்விட்டார் என்றால் அது பெரும்பாலும் தண்டனையும் அல்ல, சதியும் அல்ல. சொந்த ஊருக்கோ கணவர் வேலை செய்யும் ஊருக்கோ போக அந்த அம்மாள் பல வருஷம் காத்திருந்திருப்பார். போனவரை நிறுத்த நமக்கு உரிமையில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறதா, இருந்தால் எந்த மொழிவழிக்கு என்று எழுதி இருக்கிறது, அது பட்டியலில் ஏறியதா என்பதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சண்டையிட வேண்டிய இடம் அதுதான்.

இனி, எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் ஒரு பள்ளி வாழ்வதும் சாவதும் இங்கேதான்.

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர். 150ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியரோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை கணக்கு வேறு: 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவியல் கணிதத்துக்கு ஒருவர், சமூகவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் கட்டாயம், 100ஐத் தாண்டினால் முழுநேரத் தலைமையாசிரியர்.

இப்போது கவனியுங்கள். 60 பிள்ளைகள் இருந்தால் இருவர், 61 இருந்தால் மூவர். அந்த ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் பணியிடமே விலை. எங்கள் வியாபாரத்தில் இப்படி ஒரு சரக்கு கிடையாது. மார்ச்சில் 61 இருந்து, ஜூனில் இருவர் ஓசூருக்கு வீடு மாறிப்போனால், அதிகாரி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே மூன்றாம் ஆசிரியரை உபரி என்று குறிக்கலாம். உபரி ஆனவர் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். பிள்ளைகள் திரும்பி வந்தாலும் அவர் உடனே திரும்பி வரமாட்டார்.

150 பிள்ளைகள் என்ற விதியை அறியாததால் வந்த மனஸ்தாபங்கள் இன்னொரு கதை. "எங்க ஸ்கூலுக்கு மட்டும் ஹெச்.எம். போடமாட்டேங்கறாங்க, தமிழ் ஸ்கூல்னு ஓரவஞ்சனை" என்று ஒரு தாய் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். அந்தப் பள்ளியில் அப்போது 90 பிள்ளைகள்கூட இல்லை. அதே தெருவில் உள்ள கன்னடப் பள்ளியிலும் மூத்த ஆசிரியர் ஒருவர்தான் இன்சார்ஜாக இருந்தார். ஓரவஞ்சனை நடக்கிற இடமும் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டால், நிஜமாக நடக்கும்போது நம் பேச்சு எடுபடாது.

நிஜமான சிக்கல் மொழிவழிக் கணக்கில் இருக்கிறது. நகரத்தில் பல தமிழ் வகுப்புகள் தனிப் பள்ளியாக இல்லை. கன்னட வகுப்புகளோடு ஒரே கட்டிடத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் நான் பல ஆண்டுகளாகப் போய்வரும் பள்ளியும் அப்படித்தான். 2017இல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் 63 பிள்ளைகள், கன்னட வழியில் 71 பிள்ளைகள். பிரித்து எண்ணினால் தமிழுக்கு மூவர், கன்னடத்துக்கு மூவர், ஆக ஆறு ஆசிரியர். சேர்த்து எண்ணினால் 134 பிள்ளைகள், அட்டவணைப்படி ஐவர். அந்த ஒருவர் எங்கே போனார்? காகிதத்தில் கரைந்து போனார். கரைவது எந்த மொழி ஆசிரியர் என்பது, முதலில் யார் ஓய்வு பெறுகிறார் என்பதைப் பொறுத்தது. 2018 மே மாதம் ஓய்வு பெற்றவர் எங்கள் தமிழாசிரியை.

அந்த ஜூனில் பள்ளிக்குப் புது இன்சார்ஜ் வந்தார். கவுன்சிலிங்கில் வேறு வட்டாரத்திலிருந்து வந்த கன்னட அம்மாள். தமிழ் அவருக்குக் கேட்டால் புரியும், பேச வராது. வந்த வாரமே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "தமிழ் வாத்தியார் ரிட்டயர் ஆனதும் கன்னடக்காரங்களைத் தலைமையா போட்டிருக்காங்க, தமிழ் கிளாஸை மூடத்தான்." இரண்டு குடும்பத்தார் டி.சி. கேட்டு வந்து நின்றார்கள். டி.சி. என்றால் மாவட்ட அதிகாரி அல்ல, மாற்றுச் சான்றிதழ்! இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் இந்த ஊரில் நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு சில காலம் பஸ்ஸில் பிள்ளைகளோடு தமிழில் பேசத் தயங்கிய தாய்மார் உண்டு. அப்படிப்பட்ட மனதுக்கு ஒரு சின்ன நிர்வாக மாற்றமும் பெரிதாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த அம்மாள் செய்தது என்ன? முந்தைய ஆண்டுகளில் அனுப்பிய விவரப் படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் மொழிவழி பிரிக்காமல் மொத்தமாகப் போயிருக்கிறதே" என்று கேட்டவர் அவர்தான். வருகைப் பதிவேட்டை வைத்து வகுப்புவாரியாக, மொழிவாரியாக எண்ணி, காலியிடம் தமிழ்வழியைச் சேர்ந்தது என்று குறித்து பி.இ.ஓ. ஆபீசுக்கு அனுப்பினார். பள்ளிக் குழுவிலும் அதைத் தீர்மானமாக எழுதச் சொன்னார். எங்களில் ஒருவர், "மேடம், இது உங்க வேலை இல்லையே, ஏன் இவ்வளவு சிரமப்படறீங்க?" என்று கேட்டதற்கு, அவர் கன்னடத்தில் சொன்ன பதிலின் சாரம்: பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், கணக்கில் இல்லையென்றால் எப்படி?

உடனே ஆசிரியர் வந்துவிடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வட்டார அலுவலகத்தில் அதிகாரி மூன்று முறை மாறினார். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் "என்ன விஷயம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். பழைய அதிகாரி வாயால் கொடுத்த வாக்கு அவரோடு போய்விடும். கடையில் கணக்குப்பிள்ளை மாறினாலும் பேரேடு மாறாது அல்லவா? அதேபோல் அலுவலகத்தில் நிற்பது ஃபைல் ஒன்றுதான். நாங்கள் கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உள்வரவு எண்ணும் தேதியும் வாங்கி, நகலை ஒரு அட்டைக் கோப்பில் போட்டு வைத்திருந்தோம். மூன்றாவதாக வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கே தற்காலிக ஆசிரியர் ஒருவருக்கு உத்தரவு போட்டார். இங்கே அவர்களை அதிதி ஆசிரியர் என்பார்கள். கல்வியாண்டு முடிந்தால் பணியும் முடிந்துவிடும். நிரந்தரப் பணியிடம் தமிழ்வழிக் காலியிடமாகப் பட்டியலில் தொடர்கிறது. பட்டியலில் இருக்கும்வரை அது உயிரோடு இருக்கிறது.

இங்கே ஒரு பழைய செய்தி சொல்ல ஆசை. பள்ளி என்ற சொல்லே ஆதியில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அங்கே கற்பித்தலும் நடந்ததால் கல்விச் சாலைக்கும் அதுவே பெயராயிற்று. எங்கள் வந்தவாசிப் பகுதியில் வேடல் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கல்வெட்டு ஒன்று முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரையும் அவரிடம் இருந்த 500 மாணவியரையும் அது குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் அங்கிருந்த 400 தவப்பெண்களுக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டபோது, ஆசிரியரையும் மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றுக்கொண்டனர். பெண்கள் 500 பேர் கற்றார்களா என்று வியப்பவர்கள் உண்டு, வியக்க வேண்டியதுதான். எனக்கு அதைவிட வியப்பு, உள்ளே தகராறு என்றதும் ஊரார் ஒதுங்கிப் போகாமல், இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு எங்கள் பொறுப்பு என்று கல்லில் வெட்டிக் கொடுத்தார்களே, அதுதான். வாய்ப்பேச்சு அல்ல, எழுத்து.

இக்காலத்தில் ஊராருக்கு அந்த இடத்தைத் தருவது பள்ளிக் குழு. கர்நாடகத்தில் 2001 முதல் எஸ்.டி.எம்.சி. என்ற பெயரில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். மொத்தத்தில் பாதி பெண்கள். 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இவர்களே தயாரிக்கச் சொல்கிறது. 25ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அமர்த்தப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வைக்கக் கூடாது என்கிறது. 26ஆம் பிரிவு, காலியிடம் மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. இத்தனை இருந்தும் தமிழ் வகுப்புப் பெற்றோர் பலர் குழுக் கூட்டத்துக்குப் போவதில்லை. கூலி போய்விடும் என்பது ஒரு காரணம், அது நியாயமான காரணம். கூட்டம் கன்னடத்தில் நடக்கிறது, நமக்கு என்ன புரியப்போகிறது என்பது இன்னொரு காரணம். இதை நான் ஏற்கமாட்டேன். காய்கறி வாங்கக் கன்னடம் வருகிறது, கூட்டத்தில் உட்கார வராதா?

சிறுபான்மை மொழிக்கென்று தனிப் பாதுகாப்புகளும் உண்டு. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒப்புக்கொண்ட விதி: தொடக்கப் பள்ளியில் மொத்தம் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ அம்மொழியினர் இருந்தால், அவர்களுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது அமர்த்த வேண்டும். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ஏழாம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 350ஏ, 350பி என்னும் இரு பிரிவுகள் சேர்ந்தன. முன்னது தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களுக்குச் சொல்கிறது. பின்னதன்படி 1957இல் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் அலுவலகம் ஏற்பட்டது. ஆணையர் உத்தரவிட முடியாது, பரிந்துரைதான் செய்யலாம். ஆனாலும் அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது. நம் விண்ணப்பங்களில் 350ஏ என்று ஒரு வரி இருந்தால், ஃபைலைத் திறப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அனுபவத்தில் கண்டது.

ஆனால் சட்டம் எத்தனை இருந்தாலும் பிள்ளைகள் வேண்டுமே! இந்த இடத்தில் நம்மவர் மனப்போக்கைச் சொல்லாமல் தீராது. கர்நாடகத்தில் 2012-13 முதல், தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் கிடைக்க ஆரம்பித்தது. ஏழைத் தமிழ்க் குடும்பங்களும் அங்கே போயின. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் அந்த இடம் கிடையாது என்று 2019-20இலிருந்து விதி மாறியது. அதே ஆண்டில் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவும் தொடங்கினார்கள். எங்களுக்குப் பக்கத்து வட்டாரத்துப் பள்ளியில் அது வந்ததும் தமிழ் வகுப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் அங்கே போனார்கள். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். எந்த வழியில் படிப்பது என்பதை அரசு திணிக்க முடியாது, தேர்வு பெற்றோருடையது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கர்நாடக வழக்கிலேயே சொல்லிவிட்டது. கன்னடத்தை நம்மேல் திணிக்க முடியாது என்பதற்கு எது காரணமோ, அதுவே தமிழை நம் பிள்ளைகள்மேல் யாரும் திணிக்க முடியாது என்பதற்கும் காரணம்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. சங்க மேடையில் தமிழ்வழிப் பள்ளிக்காகக் குரல் தழுதழுக்கப் பேசும் பெரியவர்கள், தங்கள் வீட்டில் சமையல் வேலை செய்யும் பெண்மணியின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தமிழ்வழி என்பது ஏழைகளுக்கு மட்டும் உரிய கடமை என்பதுபோல் ஆகிவிட்டது. "என் பசங்க சி.பி.எஸ்.இ., ஆனா தமிழ் ஸ்கூலை மூடக்கூடாது" என்று ஒருவர் சொன்னார். இரண்டும் அவர் உரிமைதான். அப்படியானால் ஜூன் மாதச் சேர்க்கைக்கு அவர் ஒரு நாள் தெருவில் நடக்கலாமே!

தமிழ்வழியில் படித்தால் கன்னடம் தெரியாமல் போய்விடும் என்ற பயம் வேறு பலரைத் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படி, 2017-18இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படிப்படியாகக் கட்டாயம். ஆகவே தமிழ் வகுப்புப் பிள்ளைக்கும் கன்னடம் உண்டு. எங்கள் பள்ளியிலிருந்து போன பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு எழுத்தும் சரளமாக எழுதுகிறார்கள். முழுத் தமிழ்வழி வேண்டாம் என்பவர்கள்கூட எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எடுக்க வழி இருக்கிறது; அதையும் கேட்டு வாங்கினால்தான் ஆசிரியர் பணியிடம் நிலைக்கும்.

செய்யக்கூடியது சிலதே. பள்ளி விவரக் கணக்கு போகும் முன் வகுப்புவாரி, மொழிவாரி எண்ணிக்கையின் நகலைக் குழு கேட்டு வாங்கவேண்டும். நெடுங்காலம் செப்டம்பர் 30 என்பதே அந்தக் கணக்குக்கான தேதி. இப்போது பிள்ளை ஒவ்வொன்றும் பெயரோடு கணினியில் ஏறுகிறது, ஆகவே பெயர், தாய்மொழி, வழிமொழி ஆகிய மூன்றும் சரியாக ஏறியதா என்று ஜூலையிலேயே பார்த்துவிடலாம். ஓய்வு பெறப்போகும் தமிழாசிரியர்களின் பெயரும் மாதமும் சங்கத்தில் ஒரு நோட்டில் இருக்கவேண்டும். ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பம் போகட்டும். புதிதாக வரும் தலைமையாசிரியரை, அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், முதல் வாரமே நாலு பேர் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லி வரலாம். கோரிக்கையோடு போகவேண்டாம். அது அடுத்த மாதம்.

எங்கள் பள்ளியில் இப்போது தமிழ்வழியில் 59 பேர். 61க்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் வேண்டும்.